உறங்கும் சட்டம், உறைந்த வாடகை: தில்லியில் பாதுகாப்பு யாருக்கு?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, 1995 ஆகஸ்ட் 23-ஆம் தேதி குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவின் ஒப்புதலையும் பெற்ற தில்லி வாடகைச் சட்டம், இன்றுவரை ஒரு நாள்கூட நடைமுறையில் இருந்ததில்லை. அச்சட்டம் எந்த நாளில் அமலுக்கு வரும் என்பதை மத்திய அரசு அறிவிக்கை மூலம் தெரிவிக்கும் என்று அதன் முதல் பிரிவு கூறுகிறது. அந்த அறிவிக்கை வெளியாகவே இல்லை.

சட்டத்தைக் கொண்டுவந்த நரசிம்ம ராவ் அரசும் அதை அமல்படுத்தவில்லை. பின்னர் வந்த ஐக்கிய முன்னணி, வாஜ்பாய், மன்மோகன் சிங், மோடி அரசுகளும் அமல்படுத்தவில்லை. ஏறத்தாழ எல்லாவற்றிலும் முரண்படும் கட்சிகள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே முடிவில் உறுதியாக நிற்கின்றன.

இதன் விளைவு, தலைநகரின் வாடகை உறவுகளை இன்றும் ஆள்வது 1959 பிப்ரவரி 9-ஆம் தேதி அமலுக்கு வந்த 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான். கட்டட உரிமையாளர், வாடகைதாரர், சொத்தில் முதலீடு செய்தவர் ஆகிய மூவரும் எதிர்கொள்ளும் சட்டச் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன. எளியவரைக் காக்க வந்த சட்டம், இன்று யாரைக் காக்கிறது என்பதே கேள்வி.

பிரிவினை தந்த சட்டம்

தில்லியில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தது. 1939-இல் புது தில்லிக்கென ஓர் ஆணை வந்தது. 1944-இல் அவசரச் சட்டமும், 1947, 1952 ஆண்டுகளில் தனிச் சட்டங்களும் தொடர்ந்தன. போர்க்கால நெருக்கடிக்கான தாற்காலிக ஏற்பாடாக இருந்ததை நிலையான தேவையாக மாற்றியது தேசப் பிரிவினை.

1941-இல் 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951-இல் 17.44 லட்சமாக உயர்ந்தது. மேற்கு பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் உடைமைகளை இழந்து வந்தவர்கள் கிடைத்த அறையில் குடியேறி, கிடைத்த இடத்தில் கடை வைத்தனர். அவர்களை உரிமையாளர்கள் நினைத்தபோது வெளியேற்றவும், நினைத்த அளவுக்கு வாடகையை ஏற்றவும் விட்டிருந்தால் நகரில் கலவரமே மூண்டிருக்கும். அந்தச் சூழலில் வாடகைக் கட்டுப்பாடு மனிதாபிமானமும் அரசியல் விவேகமும் கொண்ட முடிவு என்பதில் ஐயமில்லை.

1958-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு தூண்களின் மீது நின்றது. ஒன்று, கட்டுமானச் செலவையும் கட்டுமானம் தொடங்கிய நாளில் இருந்த மனையின் மதிப்பையும் கொண்டு கணக்கிடப்படும் நிர்ணய வாடகை. மற்றொன்று, சட்டம் பட்டியலிட்டுள்ள காரணங்கள் இருந்தாலன்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பு. வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை ஆகியவை அக்காரணங்களில் முக்கியமானவை.

முதல் தூண் 2002-இல் சரிந்தது. நிர்ணய வாடகை குறித்த பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று தில்லி உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவையாக்கியது. வெளியேற்றத்துக்கு எதிரான பாதுகாப்பு அப்படியே நிற்கிறது.

ரூ. 3,500 என்னும் எல்லைக்கோடு

1988-இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் இச்சட்டத்தில் பெரிய திருத்தம் செய்யப்பட்டது. மாத வாடகை ரூ. 3,500-ஐத் தாண்டும் கட்டடங்களுக்கு இச்சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்பது அதன் முக்கிய அம்சம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகையைப் 10 சதவீதம் உயர்த்திக் கொள்ளவும் உரிமையாளருக்கு உரிமை அளிக்கப்பட்டது.

அந்த நாளில் ரூ. 3,500 என்பது வசதி படைத்தவர்களின் வாடகை. நான்காவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசின் கடைநிலை ஊழியர் அப்போது பெற்ற குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ. 750 மட்டுமே. எளியவர்களுக்குப் பாதுகாப்பு, வசதியானவர்களுக்குச் சந்தை என்ற பாகுபாடு நியாயமானது என்று உச்ச நீதிமன்றமும் பின்னர் ஏற்றுக்கொண்டது.

ஆனால், அந்தத் தொகை அன்றுமுதல் மாற்றப்படவே இல்லை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2016 முதல் அதே கடைநிலை ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் ரூ. 18,000. அதாவது 24 மடங்கு. வாடகையோ, உரிமையாளர் ஒருமுறைகூடத் தவறாமல் 1991 முதல் 2024 வரை 12 முறை உயர்த்தியிருந்தாலும், ரூ. 100 என்பது சுமார் ரூ. 314 ஆகியிருக்கும். ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒவ்வோர் உயர்வுக்கும் முறைப்படி 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பதால், இந்த அளவுகூட எல்லா இடங்களிலும் உயரவில்லை.

இதனால் ஒரு விநோதம் நிகழ்ந்துள்ளது. உலகின் விலை உயர்ந்த அலுவலகப் பகுதிகள் குறித்த பட்டியல்களில் தொடர்ந்து இடம்பெறும் கன்னாட் பிளேஸில், பல பத்தாண்டுகளுக்கு முன்னர் வாடகைக்கு எடுக்கப்பட்ட கடை ஒன்று இன்றும் சில நூறு ரூபாய் வாடகையில் சட்டத்தின் முழுப் பாதுகாப்புடன் இயங்க முடியும். முகர்ஜி நகரிலோ பழைய ராஜேந்தர் நகரிலோ குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கத் தமிழகத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் மாணவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் தங்கும் ஒற்றை அறையின் வாடகை ரூ. 3,500-ஐ எப்போதோ தாண்டிவிட்டது. அவருக்குரியது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் மட்டுமே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிட்டால், மாத வாடகைக்கு இருப்பவரை 15 நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்ல அச்சட்டம் இடமளிக்கிறது.

1988-இல் செல்வந்தரையும் எளியவரையும் பிரித்த கோடு, இன்று முன்னர் வந்தவரையும் பின்னர் வந்தவரையும் பிரிக்கிறது. வருமானமோ தேவையோ அங்கே பார்க்கப்படுவதில்லை.

உரிமையாளரின் கணக்கு

பழைய வாடகையில் சிக்கியுள்ள கட்டடத்தின் உரிமையாளருக்கு, சொத்து என்பது பெயரளவில் மட்டுமே. தில்லியின் பழைய வணிகப் பகுதிகளில் ஒரு கடையின் சந்தை மதிப்பு கோடிகளில் இருக்க, அதிலிருந்து வரும் மாத வாடகை அதன் ஒரு நாள் மின் கட்டணத்துக்கும் போதாமல் இருக்கக்கூடும்.

அப்படிப்பட்ட கட்டடத்தைப் பழுது பார்க்க உரிமையாளர் முன்வருவதில்லை. காலி செய்ய நேருமோ என்ற அச்சத்தால் வாடகைதாரரும் அதிகம் செலவிடுவதில்லை. விற்கலாம் என்றால், வாங்குபவர் சந்தை விலையைத் தர மாட்டார். வாடகைதாரர் இருக்கும் கட்டடத்தை வாங்கும் ஒருவர், தமது சொந்தத் தேவையைக் காரணம் காட்டி அவரை வெளியேற்ற மனு செய்ய வேண்டுமானால், வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும் என்கிறது 14-ஆவது பிரிவு. வெளியேற்ற உத்தரவு கிடைத்த பிறகும் இடத்தைப் பெற மேலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அப்படிப் பெற்ற இடத்தை, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியின்றி மூன்று ஆண்டுகளுக்கு வேறொருவருக்கு வாடகைக்கு விடவும் முடியாது.

குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய தில்லியில் கட்டடம் வாங்கும் முதலீட்டாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். உள்ளே இருப்பவர் யார், எந்த ஆண்டு முதல் இருக்கிறார், வாடகை எவ்வளவு, ரசீது யார் பெயரில் என்பவற்றுக்கு விடை தெரியாமல் கிரையப் பத்திரத்தை மட்டும் பார்த்து வாங்குபவர், சொத்தை அல்ல, வழக்கை வாங்குகிறார்.

வாடகை உரிமை ஒரு தலைமுறையோடு முடிவதும் இல்லை. குடியிருப்புகளைப் பொருத்தவரை, வாடகைதாரரின் மறைவுக்குப் பிறகு அவருடன் வாழ்ந்த வாரிசுகளுக்கு மட்டும், நிபந்தனைகளுடன், அந்த உரிமை செல்லும் என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. வணிக இடங்களுக்கு அத்தகைய வரையறை ஏதும் இல்லை என்பதால், வாடகை உரிமை எல்லா வாரிசுகளுக்கும் செல்லும் என்று 1985-இல் கியான் தேவி ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாத்தா பெற்ற வாடகைக் கடையில் பேரன் வியாபாரம் செய்வது இதனால்தான் சாத்தியமாகிறது.

நஷ்டம் உரிமையாளரோடு நின்றுவிடவும் இல்லை. சொத்து வரிக்கான ஆண்டு மதிப்பு, நிர்ணய வாடகையை மிஞ்சக்கூடாது என்று 1980-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் நிலைநாட்டப்பட்டிருந்தது. பரப்பளவு அடிப்படையில் வரி விதிக்கும் முறையைத் தில்லி மாநகராட்சி 2004 ஏப்ரலில் கொண்டுவரும்வரை, உறைந்த வாடகை மாநகராட்சியின் வருவாயையும் சேர்த்தே உறைய வைத்தது. சாலைக்கும் சாக்கடைக்கும் செல்ல வேண்டிய பணம் அது.

வாடகைதாரர் தரப்பின் நியாயம்

இதையெல்லாம் வைத்து, பழைய வாடகைதாரர்கள் அனைவரையும் ஆக்கிரமிப்பாளர்களாகச் சித்திரிப்பது உண்மைக்கு மாறானது.

தில்லியிலும் மும்பையிலும் பழைய கடைகளில் பலவும் பகடி என்ற முறையில் கைமாறியவை. வாடகைக்கு வருபவர், இடத்தின் விலைக்கு நெருக்கமான ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே உரிமையாளரிடமோ, முந்தைய வாடகைதாரரிடமோ ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். அதன் பிறகு மாத வாடகை என்பது சடங்குதான். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய தொகை வாங்குவதைத் தடை செய்கிறது. ஆகவே ரசீது கிடையாது. ரசீது இல்லாததால், நீதிமன்றத்தில் அந்தப் பணத்துக்கு மதிப்பும் கிடையாது.

பகடி கொடுத்து வந்தவர், தாம் அந்த இடத்தைப் பாதி வாங்கிவிட்டதாகவே கருதுகிறார். பெற்ற தொகையைப் பற்றிப் பேசாமல், குறைந்த வாடகையைப் பற்றி மட்டும் பேசும் உரிமையாளரின் குறையில் பாதி உண்மைதான் இருக்கிறது. அகதியாக வந்து, ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்து ஒரு சந்தைக்கே மதிப்பைத் தேடித் தந்தவர்களும் அந்த மதிப்பில் தங்களுக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். அந்த வாதத்தையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால், கன்னாட் பிளேஸில் இருக்கும் வாடகைதாரர்கள் எல்லோரும் இத்தகைய சிறு வியாபாரிகள் அல்லர். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும்கூட அதே சட்டத்தின் நிழலில் இளைப்பாற முடிகிறது. சட்டம் இவ்விரு தரப்பினரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்பதே அதன் பெரிய குறை.

பின்வாங்கிய அரசுகள்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் திடீரென்று வந்ததல்ல. அதற்காக அரசியல் சாசனமே திருத்தப்பட்டது. வாடகைத் தீர்ப்பாயங்களை அமைக்க வழிசெய்யும் 75-ஆவது சாசனத் திருத்தம் 1994-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படையில், ஆண்டுதோறும் வாடகை உயர்வு, வாரிசுரிமைக்கு வரம்பு, விரைவான தீர்ப்பாயம் ஆகிய அம்சங்களுடன் புதிய சட்டம் உருவானது.

அது நிறைவேறியதும் தில்லியின் வணிகர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. கடையடைப்புகளும் ஊர்வலங்களும் நடந்தன. 1996-இல் மக்களவைத் தேர்தல் வரவிருந்தது. அறிவிக்கை தள்ளிப்போனது. 1997-இல் ஐக்கிய முன்னணி ஆட்சியின்போது, வணிகர்களின் எதிர்ப்பைத் தணிக்கும் திருத்த மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. அமலுக்கே வராத சட்டத்துக்குத் திருத்தம் என்பது நாடாளுமன்ற வரலாற்றில் அரிய காட்சி. அது நிலைக்குழுவுக்குச் சென்றது. ஆனால் நிறைவேறவில்லை. 2013-இல், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தையே ரத்து செய்யும் மசோதா கொண்டுவரப்பட்டது. அதுவும் நிறைவேறவில்லை.

தில்லிக்குச் சட்டப்பேரவை இருந்தும், நிலம் குறித்த அதிகாரம் அதற்கு இல்லை என்று அரசியல் சாசனத்தின் 239 ஏஏ பிரிவு கூறுகிறது. தலைநகரின் வாடகைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. எனவே பொறுப்பு மத்திய அரசுடையது. ஆனால், அதன் அரசியல் விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் தில்லியின் ஏழு மக்களவைத் தொகுதிகளில் போட்டியிடுபவர்கள்.

வாக்குக் கணக்கு எளிமையானது. பழைய வாடகைதாரர்கள் ஓரிடத்தில் திரண்டிருப்பவர்கள். சங்கமாக இயங்குபவர்கள். தேர்தல் நிதி தரக்கூடியவர்கள். உரிமையாளர்கள் சிதறிக் கிடப்பவர்கள். புதிதாக வாடகைக்கு வருபவர்களில் பெரும்பாலானோருக்குத் தில்லியில் வாக்கே இல்லை. சட்டத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் வாக்குச்சாவடிக்கு வராதவர்களாக இருக்கும்போது, எந்தக் கட்சியும் அவசரப்படாததில் வியப்பில்லை.

நீதிமன்றங்கள் செய்த சீர்திருத்தம்

அரசு அறிவிக்கை வெளியிட உத்தரவிடுமாறு உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. ஒரு சட்டத்தை எப்போது அமல்படுத்துவது என்பது அரசின் முடிவு. அந்த அதிகாரத்தை நாடாளுமன்றமே அரசிடம் ஒப்படைத்திருக்கும்போது நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று 2003-இல் அந்த மனு நிராகரிக்கப்பட்டது.

ஆயினும், இருக்கும் சட்டத்துக்கு விளக்கம் தருவதன் மூலம் நீதிமன்றங்கள் படிப்படியாக நிலைமையை மாற்றி வருகின்றன. அவற்றில் முக்கியமானது 2008 ஏப்ரல் 16-இல் சத்யவதி சர்மா வழக்கில் வெளியான தீர்ப்பு. அதுவரை, சொந்தத் தேவைக்காகக் காலி செய்யக் கோரும் உரிமை குடியிருப்புகளுக்கு மட்டுமே இருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான இந்தப் பாகுபாடு சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று நீதிபதிகள் பி.என். அகர்வால், ஜி.எஸ். சிங்வி ஆகியோர் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மகனுக்குத் தொழில் வைத்துக் கொடுக்கத் தமது சொந்தக் கடை வேண்டும் என்று ஓர் உரிமையாளர் கேட்க அதன் பிறகே வழி பிறந்தது.

இத்தகைய மனுக்களில் சுருக்க விசாரணை முறை உண்டு. சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் வாடகைதாரர் எதிர்வாதம் செய்ய அனுமதி கோர வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் வெளியேற்ற உத்தரவு வந்துவிடும். மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மட்டுமே. அந்தச் சீராய்வின் எல்லையும் குறுகியது என்று 2022-இல் ஆபித்-உல்-இஸ்லாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் காலத்துக்கு ஒவ்வாதது, வசதியுள்ள வாடகைதாரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற கருத்தை 2025-இல் தில்லி உயர் நீதிமன்றம் பதிவு செய்தது.

எனினும், தீர்ப்புகளால் நடக்கும் சீர்திருத்தம் வழக்குத் தொடுப்பவருக்கு மட்டுமே பயன்படும். வழக்கறிஞருக்குப் பணமும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் உள்ளவர் வெல்வார். ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதிய உரிமையாளரும், சட்டம் அறியாத சிறு வாடகைதாரரும் தோற்பார்கள். பகடி கொடுத்தவருக்கு இழப்பீடு எவ்வளவு, மறுவாழ்வுக்கு அவகாசம் எவ்வளவு என்பவற்றையெல்லாம் நாடாளுமன்றத்தால்தான் வகுக்க முடியும்.

மும்பையும் சென்னையும்

மற்ற பெருநகரங்களின் அனுபவம் இரு திசைகளிலும் பாடம் சொல்கிறது.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940-களின் அளவில் நிறுத்தி வைத்தது. காலப்போக்கில் அது நியாயமற்றதாகிவிட்டது என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின்னரே மகாராஷ்டிர அரசு புதிய சட்டத்தை இயற்றி 2000 மார்ச் 31 முதல் அமல்படுத்தியது. அதன்படி ஆண்டுக்கு 4 சதவீதம் வாடகையை உயர்த்தலாம். வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், ரூ. 1 கோடி அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்ட மூலதனம் கொண்ட நிறுவனங்கள் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. பகடி முறை சட்டப்படி ஏற்கப்பட்டது. வசதியானவர்களிடமிருந்து தொடங்கிய இந்த அணுகுமுறை குறிப்பிடத்தக்கது.

ஆனால், காலம் கடந்த சீர்திருத்தம் கட்டடங்களைக் காப்பாற்றவில்லை. பழுது பார்க்கப்படாத பழைய கட்டடங்கள் மும்பையில் மழைக்காலந்தோறும் இடிந்து விழுகின்றன. 2017 ஆகஸ்ட் 31-இல் பேண்டி பஜார் பகுதியில் ஒரு கட்டடம் சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய கட்டடங்களை அரசு கையகப்படுத்துவதை எதிர்த்து உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில்தான், தனியார் சொத்துகள் அனைத்தையும் சமுதாயத்தின் பொருள்வளமாகக் கருத முடியாது என்று 2024 நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது.

தமிழகம் வேறு வழியில் சென்றது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை முழுமையாக நீக்கிவிட்டு, 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் அமல்படுத்தியது. எழுத்துபூர்வ ஒப்பந்தம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கத் தடை ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் சென்னையின் பழக்கத்தை அச்சட்டம் எவ்வளவு மாற்றியது என்பது வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். சட்டம் இயற்றுவது பாதி வேலை. அதைச் செயல்படுத்தும் அமைப்பை உருவாக்குவது மறுபாதி.

பூட்டிய வீடுகளின் பொருளாதாரம்

பழைய சட்டத்தின் பாதிப்பு பழைய கட்டடங்களோடு நிற்கவில்லை. ஒருமுறை உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாது என்ற அச்சம், அச்சட்டம் பொருந்தாத புதிய வீடுகளின் உரிமையாளர்களையும் தொற்றிக்கொண்டது. 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கமே இதற்குச் சான்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பதால், முத்திரைக் கட்டணத்தையும் பதிவையும் தவிர்க்க நாடெங்கும் இந்த வழி கையாளப்படுகிறது. இதனால் வாடகைதாரருக்கு நிலைத்தன்மை இல்லை. உரிமையாளருக்கும் வலுவான ஆவணம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் சுமார் 1.11 கோடி. ஏறத்தாழ அதே காலத்தில் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு மதிப்பிட்டது. நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961-இல் 54 சதவீதமாக இருந்து 2011-இல் 28 சதவீதமாகக் குறைந்தது என்று 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது.

வரிச் சட்டம் இங்கே ஒரு திசையில் இழுக்கிறது. இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்திருப்பவர், மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் அதற்குக் கற்பனை வாடகையைக் கணக்கிட்டு வரி செலுத்த வேண்டும். வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலையான கழிவும் உண்டு. அப்படியிருந்தும் பலர் வீட்டைப் பூட்டியே வைக்கிறார்கள். வாடகையாகக் கிடைப்பது வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு 2, 3 சதவீதம்தான். வங்கி வைப்புநிதி தரும் வட்டியைவிடக் குறைவு. விலை உயர்வை நம்பியே வாங்கியவருக்கு, இந்தச் சிறு வருமானத்துக்காக வழக்கு அபாயத்தை ஏற்கத் தோன்றுவதில்லை.

ஆனால் விலை உயர்வின் ஆதாயமும் முன்போல் இல்லை. சொத்து விற்பனையின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 சதவீத வரி என்ற முறை 2024 ஜூலை 23 முதல் வந்தது. அதற்கு முன்னர் வாங்கிய தனிநபர்கள் பழைய கணக்கையும் பயன்படுத்திக் கொள்ளலாம் என்று பின்னர் சலுகை அளிக்கப்பட்டது. புதிதாக வாங்குபவருக்கு அச்சலுகை இல்லை. வீட்டுக் கடன் வட்டியால் ஏற்படும் நஷ்டத்தைச் சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுசெய்யும் வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம். புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதுவும் கிடையாது. இனி வாடகை வருமானமே முதலீட்டின் நியாயத்தைத் தீர்மானிக்கும் என்றால், வாடகைச் சட்டத்தின் தெளிவு முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது.

மாதிரிச் சட்டம் போதுமா?

2021 ஜூன் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. வீடுகளுக்கு இரண்டு மாதம், பிற கட்டடங்களுக்கு ஆறு மாதம் என முன்பணத்துக்கு அது வரம்பு கட்டுகிறது. காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், பின்னர் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்கிறது. அந்தமான் நிகோபார், லட்சத்தீவு, தாத்ரா நகர் ஹவேலி - டாமன் டையூ ஆகிய யூனியன் பிரதேசங்களுக்கு இதே அடிப்படையிலான ஒழுங்குமுறைகளுக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

லட்சத்தீவுக்குக் கிடைத்தது தலைநகருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் முழுப் பலன் தராது. மாதிரிச் சட்டம் அமலுக்கு வந்த பின் ஏற்படும் வாடகை ஒப்பந்தங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவற்றைத் தொடாது. கன்னாட் பிளேஸும் சதர் பஜாரும் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே தில்லிக்குத் தேவை, பழையதிலிருந்து புதியதற்குச் செல்லும் ஒரு பாலம். மகாராஷ்டிரம் செய்ததுபோல் பெரிய நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்குமான பாதுகாப்பை முதலில் நீக்கலாம். சிறு வணிகர்களுக்கு வாடகையைச் சில ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தி, பகடி கொடுத்தவர்களின் உரிமையை மதிப்பிட ஒரு முறையை வகுக்கலாம். முதியோர், கைம்பெண்கள், வருமானமற்றோர் ஆகியோரின் குடியிருப்புகளுக்கு அவர்கள் வாழ்நாள் வரை பாதுகாப்பைத் தொடரலாம். ரூ. 3,500 என்ற எல்லைக்கோட்டுக்குப் பதிலாக, இன்று வாடகைக்கு வரும் எளியவருக்கும் முறையான நோட்டீஸ், முன்பண வரம்பு ஆகிய அடிப்படைப் பாதுகாப்புகளைத் தரலாம்.

இவற்றில் எதுவும் நாடாளுமன்றத்துக்குப் புதியதல்ல. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இதே திசையில்தான் நடந்தது. அச்சட்டம் பிடிக்கவில்லை என்றால் அதை ரத்து செய்துவிட்டு வேறொன்றை இயற்ற அரசுக்கு முழு உரிமை உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை அமல்படுத்தாமலும், ரத்து செய்யாமலும், அதற்குக் காரணம் கூறாமலும் வைத்திருக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்பதுதான் கேள்வி. அதற்கான விடையை 2003-இல் நீதிமன்றம் அரசிடமே விட்டது. அரசு இன்னும் சொல்லவில்லை.